ஓசையைப் பிரிக்க ஒரு மாமல்லபுரத்துக் கல்

யாராவது என்னிடம் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. இது நல்ல குணமா கெட்ட குணமா என்று மலேசியாவின் ஈப்போவில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் விவாதம் ஓயவில்லை. கெட்ட குணம் என்பது அப்பாவின் கட்சி. எட்டு நாள் தமிழ்நாட்டுக்குப் போய் வா என்று என்னை அனுப்பி வைத்தவரும் அவரேதான்.

எங்கள் ஊர் முருகன் கோயிலுக்கு அப்பா செயலாளர். கும்பாபிஷேகத்துக்காக மாமல்லபுரத்தில் மூன்று சிலைகள் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஒரு முருகன், இரண்டு துவாரபாலகர்கள். சிலைகள் முடிந்துவிட்டன, பெட்டி கட்டுவதற்கு முன் ஒருவர் நேரில் பார்த்துப் படம் எடுத்து வரவேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவளுக்கு வேறென்ன வேலை இருக்கப்போகிறது என்று கமிட்டி ஒருமனதாக என்னைத் தேர்ந்தெடுத்தது. நான் மறுக்கவில்லை. சிலைகளோடு அதே பெட்டியில் எனக்கும் ஒரு கல் வரவேண்டியிருந்தது. அதைக் கமிட்டியிடம் சொல்லவில்லை.

என் ஆராய்ச்சி ஓசையைப் பற்றியது. ஒரு கட்டையில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகப் பள்ளம் வெட்டவேண்டும். முதல் பள்ளம் இருபது மில்லிமீட்டர் ஆழம், அடுத்தது இருபத்தொன்று, அதற்கடுத்தது இருபத்திரண்டு, இப்படி நாற்பத்தைந்து பள்ளங்கள். ஆழம் குறைந்த பக்கம் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, எல்லாச் சுரமும் கலந்த ‘சோ’ என்ற இரைச்சலைப் பற்களின் மேல் ஓடவிட்டால், ஒவ்வொரு சுரமும் தனக்கேற்ற ஆழம் வரும்வரை ஓடி, அங்கே வேகம் குறைந்து நின்றுவிடும். கீச்சுக் குரல்கள் முன்னாலேயே நிற்கும். கனத்த குரல்கள் கடைசிவரை போகும். மின்சாரமோ கம்ப்யூட்டரோ பிரித்துக் கொடுக்க வேண்டாம், அந்த வடிவமே பிரித்துவிடும். இப்படிப் பொருளின் குணத்தை வடிவத்தால் உண்டாக்குகிறதற்கு மெட்டாமெட்டீரியல் என்று பெயர். சுனாமி வந்துபோய் நாலு வருடம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில், எங்கள் துறையிலேயே பாதிப் பேருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை.

நான் அக்ரிலிக் தகடுகளை ஒட்டி ஒன்று செய்து பார்த்திருந்தேன். ஒட்டிய தகடுகள் தாமே அதிர்ந்தன, முடிவு கலங்கலாக வந்தது. என் பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “நீ பார்ப்பது அறையின் எதிரொலி, அல்லது ஸ்பீக்கரின் குறை. பார்க்க ஆசைப்படுவதை நீ பார்க்கிறாய்” என்றார். மேசையில் தலைப்பு மாற்றும் படிவத்தையும் வைத்தார். ரப்பர் கையுறையில் ஊசித்துளை இருக்கிறதா என்று ஒலியால் கண்டுபிடிப்பது என் புதுத் தலைப்பு. செமஸ்டர் முடிவதற்குள் தெளிவாக ஒரு வரைபடம் காட்டவேண்டும், இல்லையென்றால் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு வருட உழைப்பு கையுறைக்குள் போய்விடும். அதிராத, கனமான ஒரு கட்டை எனக்கு வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்து உலோகப் பட்டறையில் அடுத்த வருடம்தான் இடம் கிடைக்கும். அப்போதுதான் அப்பா வீட்டில் கருங்கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

மாமல்லபுரத்தில் இறங்கிய முதல் நாள் எனக்குக் கேட்டதெல்லாம் உளிச் சத்தம்தான். தெருவுக்குத் தெரு, தடுப்புக்குத் தடுப்பு, ணங் ணங் என்று ஊரே தட்டிக்கொண்டிருந்தது. நான் தங்கிய இடத்து லாட்ஜ்காரர் அதைக் காதில் வாங்குவதாகவே தெரியவில்லை. காலையில் நாஸ்தா என்று இட்லியும் வடகறியும் வந்தன. வடகறி எனக்குப் புதிது. ஈப்போவில் எங்கள் பரோட்டாவான ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்புக் குழம்பை நாங்கள் பெருமையாகப் பேசுவோம். வடகறியைத் தின்ற பிறகு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன். தேநீர் மட்டும் எங்களுடையதுதான் ஒசத்தி. இங்கே அதை மருந்துக் குப்பி அளவுக்கு ஒரு டம்ளரில் தருகிறார்கள்.

சிற்பக்கூடத்து உரிமையாளரை எல்லாரும் ஸ்தபதி என்றே கூப்பிட்டார்கள். அறுபது வயதுக்காரர், வெள்ளை வேட்டி, காதோரம் ஒரு பென்சில். முருகனும் துவாரபாலகர்களும் அழகாக நின்றார்கள், நான் படம் எடுத்தேன். பிறகு என் வரைபடத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். இதில் முகமில்லையே, இது என்ன, என்றார். ஓசையைப் பிரிக்கிற சீப்பு என்றேன். பல் அஞ்சு மில்லி தடிமன்தான் இருக்கிறது, கருங்கல்லில் இவ்வளவு மெலிசாக நிற்காது, முடியாது என்றார். எனக்குப் பசி போய்விட்டது.

நான் போகவில்லை. அவருடைய நாற்காலிக்கு எதிரே ஒரு கல்மேல் உட்கார்ந்துகொண்டேன். மத்தியானம்வரை வந்தவர் போனவர் எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். கடைசியில் அவர், பின்பக்கம் அறுப்பு மெஷினில் சேகர் இருக்கிறான், அவன் ஒத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையைக் காட்டினார்.

சேகருக்கு நாற்பது வயது இருக்கும். திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். இவர் மட்டும் மெஷினுக்கு வந்துவிட்டார். உடம்பெல்லாம் கல்மாவு, கண் இமைகூட வெள்ளை. வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“ஸ்தபதி இன்னா சொன்னாரு?”

“முடியாதுன்னாரு, அண்ணே.”

“அப்ப செஞ்சிருவோம்,” என்றார் சேகர்.

இப்படி ஒரு மனிதரைத்தான் நான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

மெஷினில் இருந்த பிளேடு தடிமன். மெல்லிசு பிளேடு செங்கல்பட்டில்தான் கிடைக்கும் என்றார். மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். பஸ்ஸில் பாட்டு போட்டிருந்தார்கள், பாட்டுக்கு மேல் ஹாரன், ஹாரனுக்கு மேல் கண்டக்டர். இதையெல்லாம் பிரிக்க ஒரு கல் போதாது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் இறங்கும்வரை நம் முகத்தைப் பார்க்கமாட்டார். இங்கே பத்து நிமிடத்தில் என் ஊர், படிப்பு, கல்யாணமாகாத காரணம் எல்லாம் நாலு வரிசைக்குத் தெரிந்துவிட்டது.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் பஞ்சர். மாற்று டயரும் பஞ்சர். எல்லாரும் இறங்கி மலையடிவாரத்துக் கடை நிழலில் நின்றோம். உச்சிவேளை. சேலத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் குடும்பத்தோடு மலையுச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் தினமும் இரண்டு கழுகுகள் பிரசாதம் சாப்பிட வரும், இப்போது வருவதில்லை என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் விடவில்லை. நாம் பார்க்காத நேரத்தில் வந்துவிட்டுப் போகிறதோ என்னவோ, யார் கண்டது என்றார். என் பேராசிரியர் கண்ணில் நானும் இந்த அம்மாள் மாதிரிதானே என்று தோன்றியது. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எலுமிச்சை சாதம் ஒரு பொட்டலம் வாங்கி நின்றபடியே தின்றேன்.

செங்கல்பட்டு ஹார்டுவேர் கடையில் பிளேடு கிடைத்தது. ஏரிக்கரைக் காற்று வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

நாலாம் நாள் வெட்டு ஆரம்பமானது. அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கறுப்புக் கல். தண்ணீர் கொட்ட, பிளேடு இறங்க, பள்ளம் ஒவ்வொன்றாக விழுந்தது. பக்கத்தில் நின்றால் காது அடைத்துவிடும். சேகர் என் பட்டியலைப் பார்த்து மெஷின் மூடியின் மேல் சாக்பீஸால் தன் கையெழுத்தில் எண்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். கல்மாவு படிந்த தகரத்தில் அந்த வெள்ளை எண்கள் பார்க்க அழகாக இருந்தன. நான் அதைப் படம் எடுத்தேன். எடுத்தேனே தவிர, படிக்கவில்லை. இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கல் முடிந்தது. எட்டு கிலோ. ஒரு பல்கூட உடையவில்லை. ஸ்தபதி வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் சொல்லாமல் போனதே எனக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது.

சோதனைக்கு எதிரொலி இல்லாத அறை வேண்டும். லாட்ஜில் பழைய மெத்தையும் தலையணையும் அடுக்கி வைத்திருந்த அறை ஒன்று இருந்தது, அதைவிட நல்லது கிடைக்காது. லாட்ஜ்காரரின் மனைவி சாவியைக் கொடுத்துவிட்டு, “கல்லுக்கா மெத்த கேக்குற?” என்றார். ஆமாம் என்றேன். அவர் தன் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கல்லை மெத்தை மேல் வைத்து, ஸ்பீக்கரை முன்பக்கம் நிறுத்தி, அரிசி அளவு மைக்கைப் பள்ளம் பள்ளமாக நகர்த்தினேன். முதல் பள்ளத்தில் ஒரு சுரம் பிரிந்து நின்றது. கம்ப்யூட்டர் திரையில் கூர்மையாக ஒரு முனை, அக்ரிலிக்கில் நான் பார்த்தே இராத கூர்மை. இரண்டாவதில் முனை நகர்ந்தது. மூன்றாவதில் நகரவில்லை, நாலாவதிலும் இல்லை. ஐந்தாவதில் குதித்து வேறெங்கோ போனது. அப்புறம் மறுபடி மூன்று பள்ளங்கள் ஒரே சுரம். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கவேண்டிய சுரங்கள் மும்மூன்று பள்ளத்துக்கு ஒன்றாகக் கும்பல் கூடி நின்றன. மைக் கெட்டுவிட்டதோ என்று மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு காமிராவை எடுத்து அந்தச் சாக்பீஸ் எண்களைப் படித்தேன். ஆறு, ஏழு, ஏழு, ஏழு, எட்டு, எட்டு, எட்டு.

கல்லைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தே கூடத்துக்குப் போனேன்.

சேகர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று மூன்று அளவு கொடுத்தேனே, மூன்றும் ஒரே ஆழமாக இருக்கிறதே என்றேன்.

“மூணும் ஏழு நூலும்மா,” என்றார் அவர், பதற்றமே இல்லாமல். “இன்ச்சுக்கு எட்டு நூலு. நூலுக்குக் கீழ எங்க மிசின்ல கோடே கெடையாது. மில்லில எவன் குடுத்தாலும் நூலுக்கு மாத்திக்கினுதான் வெட்டுவோம். வெள்ளக்காரனுக்கே அப்பிடித்தான் வெட்டிக் குடுத்துகினு கீறோம். ஒருத்தனும் வாயத் தொறந்ததில்ல.”

“நான் தொறக்கிறேன்,” என்றேன்.

தொறந்தும்விட்டேன். ஒரு நூல் என்பது மூன்று மில்லிக்குக் கொஞ்சம் அதிகம். என் பட்டியலில் மூன்று வரிகள் அதற்குள் அடங்கிவிடும். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் தப்பே இல்லை. சிலைக்கும் தூணுக்கும் படிக்கட்டுக்கும் நூல் கணக்கு போதும், போதாது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. ஆனாலும் கத்தினேன். அவரும் பதிலுக்குக் கத்தினார். உளிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஸ்தபதி எட்டிப் பார்த்து, நான்தான் முதலிலேயே முடியாது என்று சொன்னேனே என்றார்.

அந்த வார்த்தை இரண்டு பேரையும் ஒரே பக்கம் சேர்த்துவிட்டது. சேகர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். புதுக்கல் வெட்ட நாள் இல்லை. ஆறாம் நாள் ஒன்றுதான் கையில் இருந்தது. ஏழாம் நாள் அமாவாசை, அன்று இந்த ஊரில் யாரும் உளியையோ மெஷினையோ தொடமாட்டார்கள். எட்டாம் நாள் பெட்டி கட்டி, நான் கிளம்பவேண்டும்.

அன்று ராத்திரி நெத்திலி வறுவல் இலையில் ஆறிக்கொண்டிருக்க, காகிதத்தில் பள்ளங்களை வரைந்துகொண்டே இருந்தேன். வெட்டிய கல்லைத் திரும்ப நிரப்ப முடியாது. ஆனால் இன்னும் ஆழமாக வெட்டலாமே. ஒரே ஆழமுள்ள மூன்று பள்ளங்களில் முதலாவதை அப்படியே விட்டு, இரண்டாவதை ஒரு மில்லியும் மூன்றாவதை இரண்டு மில்லியும் இறக்கினால், அடுத்த நூலின் வாசலுக்கு வந்துவிடுவோம். மறுபடி அங்கேயும் அப்படியே. நூலுக்கு நூல் இருந்த இடைவெளி முழுக்க மில்லி மில்லியாக நிரம்பிவிடும். நெத்திலியை ஆறிய பிறகுதான் தின்றேன், அப்படியும் நன்றாகத்தான் இருந்தது.

ஆறாம் நாள் காலையில் இதைச் சொன்னபோது சேகர் மெஷின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தார். கோடு இல்லாத மெஷினில் ஒரு மில்லியை எப்படி இறக்குவது என்பதுதான் கேள்வி. பிறகு அவரே எழுந்து போய்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் எவர்சில்வர் ஸ்கேல் இரண்டு வாங்கி வந்தார். ஒரு ஸ்கேலின் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லி. பிளேடு இறங்கும்போது ஒரு போல்ட் தகட்டில் முட்டி நிற்கும். அந்தத் தகட்டின் மேல் இரண்டு ஸ்கேலையும் வைத்துப் பிளேடைப் பழைய ஆழத்துக்கு நிறுத்தினார். ஒன்றை உருவினால் ஒரு மில்லி இறங்கும், இரண்டையும் உருவினால் இரண்டு மில்லி. ஸ்கேலில் மில்லிமீட்டர் கோடு எல்லாம் சுத்தமாக அச்சிட்டிருந்தது. அதை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மத்தியானம்வரை நன்றாகப் போனது. முப்பத்தொன்றாவது பள்ளத்துக்கு வந்தபோது மின்சாரம் மங்கித் தண்ணீர் பம்ப் தளர்ந்தது. சேகர் கை சுவிட்சுக்குப் போவதற்குள் டக் என்று ஒரு சத்தம். அந்தப் பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் நடுவிலிருந்த பல் பாதியில் ஒடிந்து தண்ணீரில் விழுந்தது.

சேகர் மெஷினை நிறுத்தினார். ஒடிந்த துண்டை எடுத்துத் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன். அங்கே எல்லார் கண்ணிலும் தண்ணீர்தான், கல்மாவால். யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

“இன்னும் பதினாலு பள்ளம் கீது,” என்றார் கடைசியில். “வெட்டவா, வுட்டுடவா?”

“வெட்டுங்க, அண்ணே.”

துண்டைப் பசை போட்டு ஒட்டலாம் என்றார். வேண்டாம் என்றேன். ஒட்டிய தகடுகளோடு இரண்டு வருடம் பட்டது போதும்.

அமாவாசையன்று காலையில் கண் விழித்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துத்தான் புரிந்தது, ஊரில் ஓர் உளிகூடத் தட்டவில்லை. முதல் தடவையாகக் கடல் கேட்டது. மெத்தை அறைக்குள் கல்லை வைத்து ஆரம்பித்தேன். முதல் பள்ளம், இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. முனை ஒவ்வொன்றுக்கும் நகர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, நான் இரண்டு வருடமாகத் தாளில் மட்டும் பார்த்திருந்தபடியே நகர்ந்தது. எழுந்து அந்தச் சின்ன அறைக்குள்ளேயே நடந்தேன். தலையணை அடுக்கு சரிந்து மேலே விழுந்தது.

பதினோரு மணிக்குச் சேகர் வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை, விபூதி. அடையாளமே தெரியவில்லை. ஹெட்போனை அவர் காதில் மாட்டி, மைக்கைப் பள்ளத்தின் மேல் வைத்து மெதுவாக நகர்த்தினேன். கீச்சு மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டே போவதைக் கேட்டுவிட்டு, ஸ்பீக்கரில் நான் எதையாவது மாற்றுகிறேனா என்று என் கையைப் பார்த்தார். இல்லையென்று மைக் பிடிக்காத கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மறுபடி முதலிலிருந்து நகர்த்தினேன். பத்து, இருபது, முப்பது.

“நிறுத்து,” என்றார், கண்ணைத் திறக்காமல். “இங்க ஒண்ணும் நிக்கல. காலியா கீது. நான் ஒடச்ச எடம் இதான?”

அதேதான். மைக் முப்பத்தொன்றின் மேல் இருந்தது. பரவாயில்லை, நாற்பத்தைந்தில் இரண்டு பள்ளம்தான் போனது என்று சமாதானம் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. மற்றதையாவது உன் வாத்தியார் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டார். ஒத்துக்கொள்ள வைக்கிறேன் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. சேகர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் வந்திருந்த சாம்பாரும் வடையும் பாயசமும் லாட்ஜ்காரர் குடும்பத்துக்கும் சேர்த்துப் போதுமானதாக இருந்தன.

எட்டாம் நாள் காலையில் பெட்டி கட்டினார்கள். வைக்கோல் பரப்பி முருகனைப் படுக்க வைத்தாகிவிட்டது. துவாரபாலகர்களும் படுத்துவிட்டார்கள். கால்மாட்டில் ஒரு முழ இடம் இருந்தது. நான் என் கல்லை நீட்டினேன். ஸ்தபதி வாங்கவில்லை.

“பின்னமானது சாமியோட ஒரே பெட்டியில ஏறாதும்மா.”

இது சாமி இல்லை ஐயா, சோதனைச் சாமான் என்றேன். கல் கல்தான், பல் உடைந்தால் பின்னம்தான் என்றார். இங்கே மூக்கு நுனியில் பொட்டளவு தெறித்தாலும் சிலையை ஒதுக்கிவிடுவார்களாம், கூடவே இருந்தாலும் ஆகாதாம். உங்கள் கமிட்டிக்குத் தெரிந்தால் மூன்று சிலைகளையும் திருப்பி அனுப்புவார்கள் என்றார். அது உண்மை. அப்பாவை எனக்குத் தெரியும். அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டேன். இனி எங்கள் ஊருக்குப் பெட்டி போவது தை மாதத்துக்கு மேல்தான். அதற்குள் நான் கையுறைக்காரி ஆகிவிடுவேன்.

அவர் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. அவருடைய வழக்கத்தில் அவர் உறுதியாக நின்றார், என் பிடிவாதத்தில் நான் நின்றேன். கல்லை என் தோள்பையில் போட்டேன்.

“எட்டுக் கிலோவ கையில தூக்கிக்கினா போவ?” என்றார் சேகர்.

“முருகனுக்குக் கப்பல், எனக்குக் கை,” என்றேன். அவர்தான் கார்வரைக்கும் தூக்கி வந்தார்.

விமானத்தில் கைப்பைக்கு ஏழு கிலோதான். பையிலிருந்த மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அம்மா கேட்ட காஞ்சிபுரம் பட்டுப்புடவையை ஜீன்ஸின் மேலேயே சுற்றிக்கொண்டேன். மீதி ஒரு கிலோவுக்குக் கவுன்டர் பெண்ணிடம் என் ஆராய்ச்சியை முழுதாக விளக்க ஆரம்பித்தேன். ஐந்தாவது நிமிடத்தில் போங்கள் என்றுவிட்டார். சோதனை அதிகாரி, இது புராதனப் பொருளா, எந்தக் கோயிலில் எடுத்தது என்றார். முந்தாநாள் வெட்டியது என்றேன். அவர் விரலில் கல்மாவு ஒட்டியதும் நம்பினார். நாலு மணி நேரமும் கல் என் மடியில்தான் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் குழந்தையா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியரின் அறை. படிவம் அதே இடத்தில் இருந்தது. நான் கல்லையும் ஸ்பீக்கரையும் மைக்கையும் அதன் பக்கத்தில் வைத்தேன். வரைபடங்களைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கூர்மையாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் மெத்தை அறை ஓர் ஆய்வுக்கூடம் ஆகாது, அந்த அறைக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் உள்ள குணம்தான் இப்படித் தெரிகிறது என்பதை நான் எப்படி மறுக்கப்போகிறேன் என்றார். பிறகு கல்லைப் பார்த்தார். அவர் விரல் முப்பத்தொன்றாவது பள்ளத்தில் போய் நின்றது.

“இது உடைந்திருக்கிறது.”

“ஆமாம்.”

“உடைந்ததையா இந்தியாவிலிருந்து சுமந்து வந்தாய்?”

பையில் தாள் இல்லை. மேசையிலிருந்த படிவத்தை எடுத்துத் திருப்பி, அதன் முதுகில் வரைந்தேன். கீழே பள்ளங்களின் வரிசை, மேலே ஒவ்வொரு பள்ளத்திலும் பிரிந்து நின்ற சுரத்தின் அலைநீளம். கோடு சீராக ஏறியது. முப்பத்தொன்றிலும் முப்பத்திரண்டிலும் தரைக்கு விழுந்தது. முப்பத்துமூன்றில் மறுபடி எழுந்து கடைசிவரை போனது. வரையும்போதே என் கை வேகமெடுத்தது, ஏனென்றால் அவருக்குச் சொல்லவேண்டிய பதில் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

“அறையின் எதிரொலி என்கிறீர்கள், ஸ்பீக்கரின் குறை என்கிறீர்கள்,” என்றேன். “எந்தப் பல் உடைந்தது என்று அறைக்கு எப்படித் தெரியும்?”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விழுந்த கோட்டையும் உடைந்த பல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மேசையில் வைத்தேன். கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். சுவரில் இரைந்துகொண்டிருந்த ஏசியைத் தானே நிறுத்தினார். ஈப்போவின் நடுப்பகல் வெக்கை உள்ளே வந்து இறங்க, சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

“முதல் பள்ளத்திலிருந்து போடு,” என்றார்.